தூள் சாக்கு

அத்தியாயம் 14

சர்மிளாவைப் பூண்டுலோயா பஸ் நிலையத்தில் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேனாம். இரண்டு வாசகிகள் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் கொத்மலை பஸ் தாமதித்து வந்தால் அதற்கு நான் என்ன செய்வது? இதோ வந்துவிட்டது, ஏறிவிட்டாள். ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டது.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்மிளா சங்குமலைத் தோட்டத்துப் பெண். வயது முப்பத்து நான்கு. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். போரைப் பற்றி எழுதிய கதைகளைப் படித்து அவற்றில் மூன்று விஷயங்களைத் தேடுகிறாள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒன்று, அதற்கு அமைதி உளவியல் என்று பெயர். கட்டளை தப்பென்று தெரிந்தால் சிப்பாய் என்ன செய்ய வேண்டும் என்பது படை அறம். இவ்வளவுக்கும் விலை கொடுப்பது யார் என்பது பொருளாதாரம்.

இதை அவள் வீட்டில் விளக்கியபோது அம்மா மீனம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்தக் கதைகளில் ஆமிக்காரங்களுக்கு யார் சோறு ஆக்குறாங்க என்று. சர்மிளா தான் படித்த நாற்பது கதைகளையும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூடச் சமையல்காரன் இல்லை. மீனம்மாவின் கேள்வி இப்போது சர்மிளாவின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பாக இருக்கிறது. பேராசிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் முதல் அத்தியாயத்தின் முதல் பக்கம் அப்பா கணேசமூர்த்தியுடையது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது ஆமி சுற்றி வளைத்தது. தலையில் சாக்கு மாட்டிய ஓர் ஆளைக் கொண்டுவந்து ஜீப்பில் உட்கார வைத்தார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வாலிபர்களை வரிசையாக அந்த ஆளுக்கு முன்னால் நடக்க விட்டார்கள். சாக்குத் தலை ஆடினால் நடந்தவன் லொறியில் ஏற வேண்டும். ஒரே ஒரு தடவைதான் அது ஆடியது. பேச்சியம்மாவின் மகன் மதுரன் ஏறினான், வயது பத்தொன்பது. இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அப்பா சர்மிளாவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அடுத்த வரிசையைக் கூப்பிட்டபோது ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, போதும் சார், இவர்கள் கொழுந்து பறிக்கிறவர்கள் என்று அதிகாரியிடம் சொன்னானாம். அதோடு எல்லாம் நின்றதாம். சர்மிளா அந்தச் சிப்பாயை நம்பி வளர்ந்தாள். படிப்பில் இந்தத் துறையைத் தேர்ந்ததும் அவனுக்காகத்தான்.

வருகிற திங்கட்கிழமை ஆராய்ச்சிக் குழுவின் முன்னால் முதல் அத்தியாயத்தை வாசிக்க வேண்டும். இதற்கு அப்பாவின் வாயைத் தவிர வேறு சாட்சி உண்டா என்று பேராசிரியர் கேட்டுவிட்டார். தேடினாள். அந்த வருஷம் தோட்டத்துக்குப் பக்கத்து ஆமி முகாமில் இருந்த விமலரத்ன என்பவர் கொத்மலையில் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பது தெரியவந்தது. வீட்டில் சொன்னாள். கணேசமூர்த்தி சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, போக வேணாம் பாப்பா என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டதற்கு எழுந்து போய்விட்டார். இங்கேதான் போன வாரம் நிறுத்தினேன்.

*

விமலரத்னவின் வீட்டு வாசலில் நின்றால் கீழே நீர்த்தேக்கம் முழுக்கத் தெரிகிறது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும், முழங்கால் வரைக்கும் சேறு. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவி பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். சர்மிளா சிங்களத்தில் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். சங்குமலை என்ற பெயரைச் சொன்னதும் அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார், மனைவி உள்ளே போய்விட்டார்.

கைபேசியில் பதிவை ஓடவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஏன் ஆமியில் சேர்ந்தீர்கள் என்பது முதல் கேள்வி. அவர் தண்ணீரைக் காட்டினார். எங்கள் வயல் அதற்குள்ளே இருக்கிறது என்றார். அணை கட்டியபோது ஊரோடு வயலும் போனது, மாற்றுக் காணியில் ஒன்றும் விளையவில்லை. வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். பத்தொன்பது வயதில் சேர்ந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை.

பிறகு சர்மிளா அந்தக் காலையைப் பற்றிக் கேட்டாள். துப்பாக்கியைக் கீழே வைத்த சிப்பாய் நீங்கள்தானா என்று கேட்டாள். பாவம், எத்தனை வருஷம் மனசில் வைத்திருந்த ஆள்.

அவர் டீக்கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை, மகள். அப்படி ஒருவரும் அன்றைக்கு அங்கே இருக்கவில்லை."

சர்மிளாவின் பேனா நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. இத்தனை வருஷமும் யாராவது வந்து கேட்க வேண்டுமென்று காத்திருந்தவர் போலத்தான் பேசினார்.

விடிவதற்கு முன்னால் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போனார்களாம். சல்லடை அறையில் ஓர் ஆள் தனியாக வேலையில் இருந்தான். சாக்கு ஒன்று வேண்டும் என்றார்கள். அவன் கொடுத்தான். அந்தச் சாக்கையே அவன் தலையில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜீப்பில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் விமலரத்ன. யாரைக் கண்டாலும் அசையக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டவன்போல அவன் கல்லாக உட்கார்ந்திருந்தானாம். வரிசை நகர்ந்தது. முப்பது நாற்பது பேர் போய்விட்டார்கள். அப்போது அவனுக்கு இருமல் வந்தது.

விமலரத்ன நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அந்த இருமலை இருமிக் காட்டினார். சின்னதாக மூன்று. பிறகு தலையை முன்னால் தள்ளுகிற பெரிய ஒன்று.

அந்த இருமலைக் கேட்டபடிதான் சர்மிளா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள், பரீட்சைக்குப் படித்தாள், பெரியவளானாள். அது சல்லடை அறையில் தேயிலைத் தூசியைத் தின்ற அப்பாவின் இருமல்.

"என் கை அவன் தோளில் இருந்தது. அது இருமல் என்று எனக்குத் தெரியும்," என்றார் விமலரத்ன. "அதிகாரிக்குத் தலை ஆடியதுதான் தெரிந்தது. அந்தப் பையனை ஏற்று என்றார். சார், இது இருமல் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை."

ஏன் சொல்லவில்லை என்று நோட்டில் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள். அவர் சொன்ன காரணம் சின்னது. வெறுங்கையோடு முகாமுக்குத் திரும்பினால் எல்லோருக்கும் லீவு இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார்களாம். ஒன்பது மாதத்துக்குப் பிறகு மறுநாள்தான் அவருக்கு லீவு. அம்மாவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். படை அறத்தைப் பற்றி எத்தனை நூல்கள் படித்திருக்கிறாள் இவள். பெரிய பெரிய காரணங்களெல்லாம் அதில் இருக்கின்றன, மறுநாள் லீவு என்று ஒரு காரணம் மட்டும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு சாக்கைக் கழற்றித் தண்ணீர் கொடுத்ததாகவும் சொன்னார். அதைக்கூட நல்ல காரியமாகச் சொல்லவில்லை. புறப்படும்போது அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறார் என்றாள் சர்மிளா. என் அப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் மனைவி ஒரு பை நிறையத் தோட்டத்துப் போஞ்சிக்காய் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

*

சர்மிளா தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், லீக்ஸ் பாத்தியில் கணேசமூர்த்தி குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வழியெல்லாம் கோபத்தைச் சேர்த்துக்கொண்டுதான் வந்தாள். ஏமாற்றிட்டீங்க அப்பா என்று ஆரம்பிக்க நினைத்தாள். அந்த உட்காருதலைப் பார்த்ததும் அது கரைந்துவிட்டது.

"எதுக்குப்பா இல்லாத ஓர் ஆளச் சொன்னீங்க?"

"ஒனக்கு ஏழு வயசு. அதுக்கப்புறம் தூக்கத்துல அலறுவ. ஆமி வருது, ஆமி வருதுன்னு. தாயத்து கட்டியும் நிக்கல. ஒரு நாள் அந்தக் கூட்டத்துல ஒரு நல்ல ஆமிக்காரன் இருந்தான் பாப்பான்னு சொன்னேன். அன்னைக்குத்தான் தூங்குன."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதையே கேட்டாளாம். ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னாராம். சாக்கைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தவனுக்குத்தான் துப்பாக்கியைக் கீழே வைக்கிற வேலையையும் கொடுத்தேன் என்றார். நாற்பது கதைகளை ஆராய்ந்தவளுக்கு, தான் வளர்ந்தது நாற்பத்தோராவது கதையில் என்று அந்த வரப்பில்தான் தெரிந்தது.

ஆனால் அவரை இத்தனை வருஷம் அரித்தது அது அல்ல. சாக்கு.

அன்றைக்கு ஆமிக்காரர்கள் சாக்குக் கேட்டபோது அவருக்குப் பக்கத்திலேயே புதுச் சாக்குகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று குறைந்தால் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அவரைத்தான் கேட்பார், எழுதி வைப்பார், ஏசுவார். அதனால் மூலையில் கிடந்த, கழிவுத் தூள் அள்ளுகிற பழைய சாக்கை உதறிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். எதையோ அள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நினைத்தார். அது தன் தலைக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"புதுச் சாக்கு குடுத்திருந்தா தூசி இருந்திருக்காது. இருமல் வந்திருக்காது," என்றார். "மூச்ச அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன் பாப்பா. அந்தப் புள்ள முன்னால வந்து நிக்கிற நேரமா பாத்து வரணுமா?"

அப்பா அழுது சர்மிளா பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், மண்ணான கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். முதல் அத்தியாயம், திங்கட்கிழமை, பேராசிரியர், எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

பேச்சிப் பெரியம்மாகிட்ட சொல்லணும்ப்பா என்றாள் கடைசியில். அவர் தலையை நிமிர்த்தினார். எத்தனையோ தடவை அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன் என்றார். ஒரே லயம், அடுத்த காம்பரா வீடு, பத்தடி தூரம். சொன்னால் மீனம்மாவையும் பிள்ளைகளையும் காட்டிக்கொடுத்தவன் குடும்பம் என்று தோட்டமே ஒதுக்கிவிடும் என்ற பயம் முதலில். அப்புறம் இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம். பயத்துக்கு ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாததா.

அவர் எழுந்து, தண்ணீர்க் குழாயில் கை கால் கழுவினார். சட்டையை மாற்றினார். இப்பவே போறேன் என்றார்.

*

நாலரை மணிக்குக் கொழுந்து மடுவத்தில் நல்ல கூட்டம். அன்றைக்குப் பறித்ததை நிறுத்துக் கொடுக்கிற கொட்டில் அது. பெண்கள் பைகளை இறக்கி வைத்துவிட்டு, தலையில் சுற்றிய துணியை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றார்.

பேச்சியம்மாவுக்கு அறுபத்தாறு வயது. ஓய்வு கொடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க வருகிறாள். காய்ச்சல், மழை, இளைய மகனின் மனைவிக்குப் பிரசவம், எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காலைப் பெரட்டை விட்டதில்லை. மகனைக் கொண்டுபோனது அந்தக் களத்தில். திரும்பி வந்தால் அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள் என்று யாரோ ஒரு சாமியாடி சொன்னதை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது அன்றைக்கு நிறை குறைகிற மாதிரி இருந்தால், அவளுக்கு முழுப் பேர், முழு நாள் கூலி விழட்டும் என்று பக்கத்தில் நிற்கிறவள் தன் பையிலிருந்து ஒரு கைப்பிடி கொழுந்து அள்ளி அவள் பையில் போடுவாள். எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான். ஆனால் மீனம்மா, குறைந்தாலும் குறையாவிட்டாலும், தினமும் பேச்சியம்மாவின் பையில் ஒரு கைப்பிடி போடுவாள். சின்ன வயதில் சர்மிளா ஏன் என்று கேட்டிருக்கிறாள். அந்த அக்காவுக்குக் கை வலி என்று பதில் வந்தது.

இன்றைக்கும் மீனம்மா கையை விட்டு அள்ளினாள். அள்ளிய கையோடு நிமிர்ந்தவள், சட்டை மாற்றிக்கொண்டு வருகிற புருஷனையும் பின்னால் கண் சிவந்து வருகிற மகளையும் பார்த்தாள். கொழுந்து கையிலேயே நின்றது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் கையைப் பார்த்தபோதுதான் சர்மிளாவுக்கு விளங்கியது.

கணேசமூர்த்தி பேச்சியம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். அக்கா என்றார். அதற்குமேல் சொல்ல வாயைத் திறந்தார், மேடேறி வந்த மூச்சில் இருமல் பிடித்துக்கொண்டது. சின்னதாக மூன்று. பிறகு தலையை முன்னால் தள்ளுகிற பெரிய ஒன்று.

பேச்சியம்மா தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"இருமி முடிச்சிட்டுப் பேசு தம்பி. அவசரமில்ல."

"அக்கா, அன்னைக்கு அந்தச் சாக்குக்குள்ள..."

"நீதான்."

கணக்கப்பிள்ளை தராசிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு செவருதானே நடுவுல," என்றாள் பேச்சியம்மா. "அந்த இருமல நான் எத்தன வருஷமா கேக்குறேன். அன்னைக்குக் களத்துல நின்னவளுக்கு அது யாரோடதுன்னு தெரியாதா? மொத வருஷம் ஒன்னையக் கொல்லணும்னு இருந்துச்சு. கத்தியத் தீட்டி அடுப்புக்குப் பின்னால வச்சிருந்தேன். அப்புறம் ஒரு தடவ ஒன்னைய ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்களே, ரெண்டு நாளா இருமல் சத்தமே கேக்கல. செத்துட்டியோன்னு பயந்துட்டேன். நீயும் செத்துட்டா எம்புள்ளையப் பத்தி எங்கிட்ட வந்து சொல்ல யாரு இருக்கா?"

கணேசமூர்த்தி கைகூப்பினார். சாக்கைப் பற்றிச் சொன்னார், தூசியைப் பற்றிச் சொன்னார், தலையை ஆட்டவில்லை அக்கா, இருமினேன் என்று சொன்னார். இருபத்தேழு வருஷம் ஒத்திகை பார்த்த பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மீனம்மாவின் பக்கம் திரும்பி, அந்தக் கையில் இருந்த கொழுந்தைப் பார்த்தாள்.

"வேணாம்னு தெனமும் சொல்லத் தோணும். சொன்னா நீ தாங்கமாட்டன்னுதான் வாங்கிக்கிட்டேன். போடு, கை நோகப் போவுது."

மீனம்மா போட்டாள். போட்டுவிட்டு அந்தப் பையின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். பக்கத்தில் நின்ற பெண்கள் இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அமைதி உளவியலைப் பற்றி சர்மிளா இருநூறு பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் இந்த இரண்டு பெண்களும் இல்லை. இனி அவர்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு தன்மேலேயே வெட்கமும் வந்தது, இந்த நேரத்திலுமா எழுத்து நினைப்பு என்று. அப்போதுதான் பேச்சியம்மா அவளைக் கூப்பிட்டாள்.

"கொத்மலைக்கா போயிட்டு வந்த? செவரு வழியா கேட்டுச்சு. அன்னைக்கு வந்த ஆமிக்காரனப் பாத்தியா?"

பார்த்தேன் பெரியம்மா என்றாள். அவர் சொன்னதைச் சொன்னாள். இருமல் என்று அவருக்கும் தெரியும் என்பதைச் சொன்னாள். வயலைச் சொன்னாள், லீவைச் சொன்னாள். பேச்சியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்துக் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் பொறுத்தாள், இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்கிற மாதிரி.

"எம்புள்ளைய எங்க கொண்டு போனாங்கன்னு கேட்டியா?"

சர்மிளாவின் பையில் கைபேசி இருக்கிறது. அதில் ஒரு மணி பத்து நிமிஷப் பதிவு இருக்கிறது. நோட்டில் இரண்டு பக்கக் கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பேராசிரியர் பார்த்துத் திருத்திக் கொடுத்தவை. அதில் அது இல்லை. கேக்கல பெரியம்மா என்றாள்.

பேச்சியம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சர்மிளாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்தாள், ஈரத்தை உதறி நாலாக மடித்தாள். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஐயா, நாளைக்கு நான் பெரட்டுக்கு வரல. எம்பேரு போடாதீங்க."

பேச்சியம்மா சர்மிளாவிடம் திரும்பினாள்.

"கொத்மலைக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குப் பாப்பா?"